ஆயுத பூஜைக்குப் பின் வந்த காப்பு நகல்கள்

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி, என் இடத்தில் இப்போது அமர்ந்திருப்பவர் இரண்டு முறை கேட்டார். முதல் முறை மறுத்துவிட்டேன். காப்பு நகல் எடுப்பதும் அதை மீட்டெடுப்பதும் எப்படி என்று கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவன் நான்தான். இரண்டாம் முறை கேட்டபோது ஒப்புக்கொண்டேன். கடந்த ஆவணியிலிருந்து எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஒரு விதியைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமைதோறும் ஒரு காப்பு நகலை வேறொரு கணினியில் முழுவதுமாக மீட்டெடுக்க வேண்டும்; அதிலிருந்து ஐந்து நோயாளிகளைத் தேர்ந்து, அவர்களுடைய விவரத்தை ஒரு செவிலியரிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்; நம் திரையில் இருக்கும் எண்ணை நாம் முதலில் சொல்லக் கூடாது. உங்களில் சிலர் இதை வீண்வேலை என்று கருதுவதாகக் கேள்விப்பட்டேன். அரை நாள் போகிறது என்பது உண்மை. விதி ஏன் வந்தது என்பதைக் கையேட்டில் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் பிழையையும் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நம் நிறுவனத்துக்கு மூன்று டயாலிசிஸ் மையங்கள் இருந்தன: ஆவடி, பூந்தமல்லி, கொரட்டூர். தலைமை அலுவலகமும் சர்வர் அறையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையின் மாடியில். கீழே இரும்பைக் கடையும்போது மேலே மேசையில் இருக்கும் தண்ணீர் லேசாக நடுங்கும். மையங்களில் காகிதக் கோப்புகளை அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்தியிருந்தோம். நிறுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அந்தத் தரவுத்தளத்தில் ஆயிரம் விவரங்கள் இருந்தாலும், மையங்களுக்கு ஒவ்வொரு வேளையும் தவறாமல் தேவைப்பட்டது ஓர் எண். சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடலில் நீர் தங்கிவிடும். டயாலிசிஸ் முடிந்து அவர் நாற்காலியைவிட்டு எழும்போது எந்த எடையில் இருக்க வேண்டும் என்பதை மருத்துவர் குறித்து வைப்பார். அது இலக்கு எடை. வந்தபோது இருக்கும் எடையிலிருந்து அதைக் கழித்தால், இயந்திரம் எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்பது தெரியும். அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் விழும். குறைவாக எடுத்தால் நீர் நுரையீரலில் தேங்கும். மனிதர் இளைத்தாலும் பெருத்தாலும் மருத்துவர் அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்.

இந்த எண்கள் உட்பட அனைத்தும் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் காப்பு சர்வருக்கு நகலாகும். அந்த சர்வரின் சொந்த வட்டு சிறியது. நகல்கள் அதோடு இணைந்த வெளி வட்டுப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கருப்பு நிறப் பெட்டி. முன்புறம் ஒரு பச்சை விளக்கு.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் அலுவலகத்து வழக்கம். இன்றும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டும் அலுவலக உதவியாளர் தனசேகர் சர்வர்களுக்குப் பொட்டு வைத்து, கேபிள் தட்டில் மாவிலை செருகி, பொரியும் சுண்டலும் பரப்பி முடித்தபோது நேரம் ஆகிவிட்டது. நிர்வாக மேலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டி, "சார், இன்னும் ரெண்டு நிமிஷத்துல ராகு காலம் ஆரம்பிக்குது. ஆன் பண்ணிடுங்க" என்றார்.

முதலில் பெட்டியை இயக்க வேண்டும். அது முழுதாக விழித்த பிறகே சர்வரை இயக்க வேண்டும். மாறினால் சர்வருக்குப் பெட்டி கண்ணில் படாது. இது எனக்குத் தெரியும். பெட்டி விழிக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும் என்பதும் தெரியும். பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு, உடனே சர்வரின் பொத்தானையும் அழுத்தினேன்.

"சார், பொட்டி லைட்டு இன்னும் மினுக்கிகினு கீது" என்றார் தனசேகர்.

"அது தானா சரியாயிடும். நீ எலுமிச்சம்பழத்தை நசுக்கு" என்றேன்.

கற்பூரம் காட்டினார்கள். நான் சுண்டல் சாப்பிட்டேன். மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தேன். 'காப்பு நகல் வெற்றிகரமாக முடிந்தது' என்று இருந்தது. அந்த வாரச் சனிக்கிழமைப் படிவத்தில், 'ஆய்வு செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டேன். அடுத்த சனிக்கிழமையும் இட்டேன். பொங்கல் வரை அப்படியே.

பொங்கல் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்குப் பிரதான சர்வரின் வட்டு பழுதாகி, தரவுத்தளம் திறக்க மறுத்தது. முதல் வேளை நோயாளிகள் ஏற்கெனவே இயந்திரங்களில் இருந்தார்கள். அவர்களுக்கான அளவுகள் இயந்திரத்தில் பதிவாகியிருந்தன. இரண்டாம் வேளை பன்னிரண்டு மணிக்கு. மூன்று மையங்களிலும் சேர்த்து ஐம்பது பேருக்கு மேல். அவர்களுக்கு எவ்வளவு நீர் எடுப்பது என்று யாருடைய திரையிலும் இல்லை. மருத்துவர் மூன்று மையங்களுக்கும் ஒருவர்தான். அன்று மாலைதான் வருவதாக இருந்தார்.

நான் பதறவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பதற்றம் வராததற்குக் காரணம் என் அறியாமை. அன்று விடியற்காலையின் நகல் இருக்கிறது என்று நம்பினேன். உபரியாக வைத்திருந்த கணினியில் அதை மீட்டெடுக்கத் தொடங்கினேன். பாதியில் நின்றது. கோப்பு அங்கேயே முடிந்துவிட்டது; மீதி எழுதப்படவே இல்லை. முந்தைய நாளின் நகலைப் போட்டேன். அதுவும் பாதி. பதினான்கு நாட்களின் நகல்களை வைத்திருப்போம், பதினான்கும் பாதி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று இருந்தது.

எனக்குப் பின்னால் தேநீர்க் குவளையோடு தனசேகர் நின்றிருந்தார்.

"இன்னா சார், பேக்கப் வரலியா?"

"வந்திருக்கு. ஆனா பாதிதான் வந்திருக்கு."

"அந்தப் பொட்டிலயா வந்துது?" என்றவர், கருப்புப் பெட்டியைப் பார்த்தார். "அது பூஜைலருந்து சும்மாதான சார் கீது? முன்னெல்லாம் நான் காலைல பெருக்க வரும்போது கடகடன்னு ஓடிகினு இருக்கும். இப்பல்லாம் சத்தமே இல்ல. லைட்டும் ஆடுறதில்ல."

"ஏன்யா சொல்லல?"

"யாரு சார் கேட்டாங்க? அன்னிக்கே லைட்டு மினுக்குதுன்னு சொன்னேன். எலுமிச்சம்பழத்த நசுக்குன்னீங்க."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார்.

அதன் பிறகு புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. பூஜையன்று சர்வருக்குப் பெட்டி கண்ணில் படவில்லை. பெட்டி இணைய வேண்டிய இடத்தில், அதே பெயரில், சர்வரின் சொந்தச் சிறிய வட்டில் ஒரு வெற்றுக் கோப்புறை இருந்தது. நகல்கள் மூன்று மாதமாக அதற்குள் போயிருக்கின்றன. மார்கழியில், சர்வரின் மற்ற கோப்புகளும் சேர்ந்து, அந்த வட்டு நிரம்பிவிட்டது. அதற்குப் பின் எழுதப்பட்டவை எல்லாம் இடம் போதாமல் பாதியில் அறுந்தவை. பழைய முழு நகல்களை, நாங்களே வகுத்த முறைப்படி, பதினைந்தாம் நாளில் அழித்துக்கொண்டே வந்திருக்கிறோம். 'வெற்றி' என்று எழுதிய நிரல், வேலை முடிந்ததா என்று மட்டும் பார்த்தது. என்ன வந்து சேர்ந்தது என்று பார்க்கவில்லை. அதை எழுதியவனும் நான்தான்.

பெட்டியை முறையாக இணைத்தேன். உள்ளே பூஜைக்கு முந்தைய நாள் வரையிலான நகல்கள் முழுமையாக, பழுதின்றி இருந்தன. கடைசி நகலை உபரிக் கணினியில் மீட்டெடுத்தேன். பெயர்கள், எடைகள், மருந்தளவுகள், ஒவ்வாமைக் குறிப்புகள் எல்லாம் திரையில் வரிசையாக வந்தன. அப்போது மணி பதினொன்று.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "இதோ எல்லாம் வந்துடுச்சே சார். இதை மெயின் சர்வர்ல ஏத்திடுங்க. அதான் கெட்டுப்போச்சே, அது மேலயே போட்டுடுங்க. பன்னெண்டு மணிக்கு ஸ்க்ரீன் வந்துடும்."

இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டார். முதலாவதை மறுப்பது எளிது. கெட்டுப்போனதன் மீது எதையும் எழுதாதீர்கள். அதற்குள் இன்னும் என்ன உயிரோடு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இதைக் கையேட்டில் படித்திருப்பீர்கள். இரண்டாவதில்தான் நான் தடுமாறினேன். பழுதான வட்டைத் தொடாமல், பூஜைக் காலத்து நகலை வேறொரு சர்வரில் ஏற்றி மையங்களுக்குத் திறந்துவிடலாம். பத்து நிமிட வேலை. வெற்றுத் திரையைவிட ஏதோ ஒன்று இருப்பது நல்லது என்று தோன்றியது. என் கை விசைப்பலகையின் மீது இருந்தது.

திறப்பதற்கு முன் தெரிவித்துவிடலாம் என்று பூந்தமல்லி மையத்தை அழைத்தேன். பொறுப்புச் செவிலியர் பேசினார். என்னைவிட இருபது வயது இளையவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். இந்தத் தொழிலில் எனக்குக் கற்றுத்தந்தவர்கள் என்று எண்ணினால் அவரைத்தான் முதலில் எண்ணுகிறேன். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார்.

"சிஸ்டர், மூணு மாசம் பழைய டேட்டா இருக்கு. இப்போதைக்கு அதைத் திறந்து விடட்டுமா?"

"ஏழுமலைக்கு என்ன போட்டிருக்கு பாருங்க சார்" என்றார்.

ஏழுமலை நூம்பலைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர். வாரம் மூன்று முறை அங்கே வருபவர். பார்த்தேன். "அறுபத்தாறு."

"இன்னிக்கு அவர் வெயிட் அறுபத்து நாலு. காய்ச்சல்ல கிடந்து ரொம்ப எளைச்சிட்டாரு. டாக்டர் ரெண்டு மூணு தடவை கொறச்சாங்க. உங்க நம்பரப் பாத்தா அவர் உடம்புல எடுக்கிறதுக்குத் தண்ணியே இல்ல. ஆனா மனுஷன் இங்க படுக்க முடியாம உக்காந்து மூச்சு வாங்கிட்டிருக்காரு."

திரையில் அந்த அறுபத்தாறை மீண்டும் பார்த்தேன்.

"எளைச்சாருன்னு எனக்குத் தெரியும், அதனால இவரு தப்பிச்சாரு. மத்தவங்களுக்கு? ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்லன்னா இங்க இருக்கிற நர்ஸ் பிள்ளைங்க பயந்து ஒவ்வொருத்தரையும் கேப்பாங்க சார். நம்பர் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு திறக்காதீங்க."

கையை எடுத்துவிட்டேன். மேலாளரிடம் திறக்க முடியாது என்றேன். அவர் எழுந்து நின்று, "அப்போ அம்பது பேரை உக்கார வச்சிக்கிட்டு என்ன சார் பண்ணப் போறோம்? யார் பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. "நான் சொல்றேன்" என்றேன்.

பிறகு, பயனற்றவை என்று நான் தள்ளி வைத்திருந்த பாதி நகல்களிடம் திரும்பினேன். அன்று விடியற்காலையின் நகலைச் சாதாரண உரையாகத் திறந்து, அறுந்த இடம் வரை படித்தேன். இலக்கு எடைகள் இருந்த அட்டவணை முற்பாதியிலேயே வந்து முழுமையாக முடிந்திருந்தது. நோயாளிகளின் பெயர்கள் இருந்த அட்டவணை பிற்பாதி, அது வரவில்லை. ஆக, அன்றைய எண்கள் இருந்தன, யாருடையவை என்று இல்லை. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஒரு பதிவு எண் மட்டும் இருந்தது. பூஜைக் காலத்து நகலிலோ பெயர்களும் பதிவு எண்களும் இருந்தன. எடை மாறும், பதிவு எண் மாறாது. பெயரைப் பழையதிலிருந்தும் எடையைப் புதியதிலிருந்தும் எடுத்து இணைத்தேன். ஏழுமலையின் பெயருக்கு எதிரே புதிய எண் ஒன்று வந்தது.

இந்த இடத்தில்தான் என் பழைய பழக்கம் மீண்டும் தலைதூக்கியது. பொருந்திவிட்டது, அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அன்று அதை நம்ப நான் தயாராக இல்லை. மீண்டும் சிஸ்டரை அழைத்தேன்.

"ஏழுமலைக்கு ஒரு நம்பர் வந்திருக்கு. நான் சொல்ல மாட்டேன். அவர்கிட்டயே கேளுங்க."

தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே அவர் நடந்து போனது கேட்டது.

"ஏழுமலை அண்ணே, உங்க வெயிட்டு எவ்ளோன்னு டாக்டர் சொல்லியிருக்காரு?"

மூச்சுக்கு இடையே வந்தது குரல். "இன்னாம்மா, இத்தினி மிஷினு வச்சிகினு என்னியக் கேக்கிறியே. அறுபத்தொண்ணரை. போன வாரந்தான் மாத்துனாரு. அதுக்கு மேல ஒரு கிலோ ஏறிச்சின்னா ஊட்ல கூட என்னியப் படுக்க வெக்க முடியாது."

என் திரையில் இருந்தது 61.5.

அதன் பிறகும் மூன்று மையங்களிலும் சேர்த்து ஐந்து பேரை அதே முறையில் கேட்கச் செய்தேன். நால்வரின் எண்கள் பொருந்தின. ஐந்தாமவர் தன் எண் தெரியாது என்றார். அவருடைய மகள் வீட்டிலிருந்து சொன்னார், பொருந்தியது. பட்டியலை அச்சிட்டோம். பூஜைக்குப் பிறகு சேர்ந்த மூவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. அந்த மூவரின் இடத்தில் எந்த எண்ணையும் போடாமல், 'மருத்துவரைக் கேட்கவும்' என்று பேனாவால் எழுதினேன். சிஸ்டர் மருத்துவரை மதியமே வரவழைத்துவிட்டார். இரண்டாம் வேளை ஒன்றேகாலுக்குத் தொடங்கியது. ஏழுமலையின் உடலிலிருந்து இரண்டரை லிட்டர் எடுத்தார்கள். மாலையில் படுத்துத் தூங்குகிறார் என்று செய்தி வந்தது. பழுதான வட்டிலிருந்து மீதி விவரங்களை எடுக்கப் பல நாட்கள் ஆயின. ஏறத்தாழ எல்லாம் கிடைத்தன. அதன் மீது எழுதாமல் விட்டதால் கிடைத்தன.

அறிக்கை கேட்டார்கள். பூஜையன்று கேபிளைக் கழற்றி மாட்டியது யார் என்று மேலாளர் விசாரித்தார். கழற்றியது தனசேகர், சரியாக மாட்டியதும் அவர்தான். அறிக்கையில் மூன்று வரிகள் எழுதினேன்: காத்திருக்க வேண்டிய இரண்டு நிமிடம் நான் காத்திருக்கவில்லை, விளக்கைப் பற்றிச் சொன்னவரை நான் கேட்கவில்லை, பதிமூன்று சனிக்கிழமைகள் நான் திறந்து பார்க்காததை ஆய்வு செய்ததாகக் கையெழுத்திட்டேன். நான்காம் பக்கத்து விதி அந்த வாரம் எழுதப்பட்டது. ஓய்வு பெறும் வரை ஒரு சனிக்கிழமையும் அதை நான் தவறவிடவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். உங்களுக்குப் பயன்படக்கூடிய இன்னொன்று இருப்பதால் தொடர்கிறேன்.

என் மனைவி ஆவணியில் இறந்தார். இதய நோய். காலையில் நடைப்பயிற்சிக்குப் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வரும். நான் கதவைச் சாத்திக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவேன். ஏறத்தாழ ஓராண்டு அப்படி. காரியம் முடிந்த பிறகு கீழ்வீட்டுக்காரர் சொன்னார்: என் மனைவி காய்கறிப் பையோடு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகு எழுந்து போவதைப் பல மாதமாகப் பார்த்திருக்கிறார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்" என்றார்.

கீழ்வீட்டுக்காரர் மேல் பிழை இல்லை.

வீட்டு மின் இணைப்பு என் மனைவியின் பெயரில் இருந்தது. அதை மாற்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை அம்பத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. வேலப்பன்சாவடியிலிருந்து வந்த ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டியவர் ஏழுமலை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒருமுறை மையத்தில் அவரை நேரில் பார்த்திருக்கிறேன், அவரும் மறக்கவில்லை. என் மனைவி இறந்த செய்தியையும் மையத்தில் சொல்லக் கேட்டிருந்தார்.

கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எப்டி கீறீங்க சார்?" என்றார்.

"நல்லா இருக்கேன்" என்றேன். அந்த இரண்டு மாதங்களில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு பேருந்துக்கு வழிவிட்டு ஓரமாக ஓட்டினார். பிறகு, "நேத்து ராவுக்கு இன்னா சாப்ட்டீங்க?" என்றார்.

யோசித்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க கேட்டா மட்டும் நாங்க டாண்ணு நம்பர் சொல்லணும். நாங்க கேட்டா முழிக்கிறீங்களே சார்" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் திருப்பி, சாலையோர இட்லிக் கடை ஒன்றின் முன் நிறுத்தினார்.

எனக்கு நான்கு இட்லி சொன்னார். தனக்கு அரைக் கிளாஸ் தேநீர். "நமக்கு அவ்ளோதான் சார் தண்ணி அளவு" என்று சொல்லி, சிறு சிறு மடக்காகக் குடித்தார். எடை எவ்வளவு என்று கேட்டேன். அறுபத்து மூன்று, டாக்டர் ஏற்றியிருக்கிறார், இப்போது சாப்பாடு இறங்குகிறது என்றார்.

மூன்றாவது இட்லியின்போதுதான் நினைவுக்கு வந்தது, முந்தின இரவு நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது. அதற்கு முந்தின இரவும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

அவர் தலையசைத்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் இரண்டு வைக்கச் சொன்னார்.